படிப்பில் பிள்ளைக்கு ஊக்கம் பிறக்க: வீட்டிலும் வகுப்பறையிலும் செய்யவேண்டியவை, நிறுத்தவேண்டியவை

"பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது?" என்று கேட்காத பெற்றோர் குறைவு, "இந்த வகுப்பிடம் எப்படி வேலை வாங்குவது?" என்று யோசிக்காத ஆசிரியரும் குறைவு. இரண்டு கேள்விகளுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: ஊக்கம் என்பது பெரியவர்கள் வெளியிலிருந்து ஊட்டவேண்டியது, போதிய அளவு ஊட்டிவிட்டால் பிள்ளை தானாகப் படித்துவிடும் என்பதே அது. ஆனால் இத்துறையில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் உளவியல் ஆய்வுகள் வேறொன்றைச் சுட்டுகின்றன. மாணவரிடம் எவ்வளவு ஊக்கம் இருக்கிறது என்பதைவிட, அவர் எந்தக் காரணத்துக்காகப் படிக்கிறார் என்பதே கற்றல் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது, எவ்வளவு காலம் தொடர்கிறது என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்தக் காரணம் உருவாவதில் பெற்றோரின் பேச்சுக்கும் ஆசிரியரின் நடத்தைக்கும் பெரும்பங்கு உண்டு. ஆகவே கீழே சொல்லப்படும் வழிமுறைகளில் பெரும்பாலானவை பெரியவர்கள் தங்களிடம் செய்துகொள்ளவேண்டிய மாற்றங்களாகவே இருக்கும்.

காரணத்தைக் கண்டறிதல்

நான்கு மாணவர்கள் ஒரே மாலையில் ஒரே கணக்குப் பாடத்தை ஒரு மணி நேரம் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படிக்காவிட்டால் திட்டு விழும் என்பதற்காக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாமவரை யாரும் மிரட்டவில்லை. மதிப்பெண் குறைந்தால் நாலு பேர் முன்னால் தலைகுனிய நேரும் என்ற எண்ணமே அவரை விரட்டுகிறது. மூன்றாமவருக்குக் கணக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் தான் படிக்க விரும்பும் படிப்புக்கு அது இன்றியமையாதது என்று அவரே உணர்ந்திருக்கிறார். நான்காமவருக்குக் கணக்குப் போடுவதே இன்பமாக இருக்கிறது. கதவருகே நின்று எட்டிப் பார்க்கும் பெற்றோருக்கு நால்வரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். ஆனால் முதலாமவர் கண்காணிப்பு விலகிய அன்றே புத்தகத்தை மூடிவிடுவார். இரண்டாமவர் நிறுத்தமாட்டார், பதற்றத்தோடு படித்துத் தேர்வன்று கைநடுங்குவார். மற்ற இருவரும் யாரும் பார்க்காதபோதும் தொடர்வார்கள்.

ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளை நான்காமவரைப் போல ரசித்துப் படிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. பெரியவர்களாகிய நாமே நம் வேலையின் எல்லாப் பகுதிகளையும் ரசிப்பதில்லை. முதல் இரண்டு நிலைகளிலிருந்து மூன்றாம் நிலைக்குப் பிள்ளை நகர்ந்தாலே போதும். அது எட்டக்கூடிய இலக்கு.

இந்த நகர்வு எப்படி நிகழ்கிறது என்பதை விளக்கும் சுயநிர்ணயக் கோட்பாட்டை அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் ஆகிய உளவியலாளர்கள் வகுத்து, 1985இல் நூல்வடிவில் வெளியிட்டனர். உடலுக்கு உணவும் நீரும் தேவைப்படுவதுபோல மனத்துக்கும் சில அடிப்படைத் தேவைகள் உண்டு என்றும், அவை நிறைவேறும் சூழலில்தான் வெளியிலிருந்து வந்த காரணம் மெல்ல மெல்லப் பிள்ளையின் சொந்தக் காரணமாக மாறுகிறது என்றும் அவர்கள் கூறினர். இதை என் விருப்பத்தோடுதான் செய்கிறேன் என்ற தன்னாட்சி உணர்வு, என்னால் இது முடியும் என்ற திறன் உணர்வு, இங்கே என்மீது அக்கறை கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்ற பிணைப்பு உணர்வு ஆகிய மூன்றுமே அந்தத் தேவைகள். தன்னாட்சி என்றவுடன் பிள்ளையை அவன் போக்கில் விட்டுவிடுவது என்று பலர் பொருள்கொள்கிறார்கள். அப்பா சொன்ன வேலையை மனமார ஏற்றுச் செய்யும் பிள்ளைக்கும் தன்னாட்சி உணர்வு உண்டு. யாரும் எதுவும் சொல்லாமல் விட்ட பிள்ளைக்கு அது இல்லாமலும் போகலாம்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் கவனித்து மட்டும் வாருங்கள். பிள்ளை எந்தத் தேவையில் பசித்திருக்கிறது என்பதை அதன் நடத்தையே காட்டிக்கொடுக்கும். உட்கார்ந்தவுடன் தண்ணீர் குடிக்க எழுவது, பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பது, சுலபமான பாடத்தையே திரும்பத் திரும்ப எடுப்பது, "எனக்கு இது வராது" என்று தொடங்கும் முன்பே சொல்வது ஆகியவை பெரும்பாலும் திறன் உணர்வு குன்றியதன் அடையாளங்கள். இதைத்தான் நாம் சோம்பல் என்று பெயரிட்டு அழைத்துவிடுகிறோம். செய்யத் தெரிந்தும் இழுத்தடிப்பது, சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வது, "எவ்வளவு எழுதினா போதும்?" என்று அளவை மட்டுமே கேட்பது ஆகியவை தன்னாட்சி உணர்வு நசுங்கியிருப்பதைக் காட்டலாம். ஒரே ஓர் ஆசிரியரின் பாடத்தில் மட்டும் பின்தங்குவது, பள்ளியைப் பற்றிக் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வது, வகுப்பில் யாருடைய பெயரையும் சொல்லாமல் இருப்பது ஆகியவற்றைக் கண்டால் பிணைப்பைப் பற்றி யோசியுங்கள். எந்தத் தேவை குறைகிறது என்று தெரியாமல் தரும் அறிவுரை பெரும்பாலும் இடம் மாறிப் போய் விழுகிறது: கணக்குப் புரியாத பிள்ளைக்கு எதிர்காலத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் கணக்குப் புரியப்போவதில்லை.

பென்சில் யார் கையில் இருக்கிறது?

மாலை வீட்டுப்பாட நேரம். பதினொரு வயதுப் பெண் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு மேலெண்களைக் கூட்டி, கீழெண்களைக் கூட்டி, 2/5 என்று எழுதுகிறாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன்? இங்க குடு" என்று பென்சிலை வாங்கி, கீழெண்களைச் சமமாக்கி, 5/6 என்று அவரே எழுதிவிட்டு, "இப்போ புரிஞ்சுதா?" என்கிறார். "புரிஞ்சுதுப்பா" என்கிறாள் மகள். வேறு என்ன சொல்வாள்? அடுத்த கணக்கிலும் அதே பிழை வருகிறது.

அப்பாவின் நோக்கத்தில் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் மூன்று தேவைகளும் ஒருசேர அடிபட்டுவிட்டன. பென்சில் கைமாறியபோது வேலை அவளுடையதாக இல்லாமல் போயிற்று. விடை கைக்கு வந்துவிட்டதால் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்புப் போயிற்று. "எத்தனை தடவை" என்ற சொல்லில் அப்பாவின் சலிப்புத் தெரிந்துவிட்டதால், இனிப் புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல அவள் தயங்குவாள். ஜான்மார்ஷல் ரீவ், ஹியூங்ஷிம் ஜாங் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கற்பிப்பவர்களின் எந்தெந்தச் செயல்கள் கற்பவரின் தன்னாட்சி உணர்வை வளர்க்கின்றன, எவை குறைக்கின்றன என்று நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். கருவியைத் தன் கையில் வைத்துக்கொள்வது, விடையை முந்திக்கொண்டு சொல்வது, கட்டளையிடுவது ஆகியவை குறைக்கும் பக்கத்தில் இருந்தன. கேட்பது, தன் வழியில் முயன்றுபார்க்க நேரம் தருவது, மாட்டிக்கொண்ட இடத்தில் குறிப்பு மட்டும் கொடுப்பது, கேள்விக்குப் பதில் சொல்வது ஆகியவை வளர்க்கும் பக்கத்தில் இருந்தன.

இதே காட்சியில் செய்யக்கூடியது என்ன? முதலில் உட்காருங்கள், பின்னால் நின்று பார்ப்பதே ஒரு கண்காணிப்புதான். அவள் கணக்கை முடிக்கும்வரை பேசாதிருங்கள். பிறகு விடையைச் சரி, தவறு என்று சொல்லாமல், "கையில பாதி இருக்கு. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, பாதியைவிடக் கூடணுமா, குறையணுமா?" என்று கேளுங்கள். கூடவேண்டும் என்பாள். "2/5 பாதியைவிடக் கூடவா?" என்று அடுத்துக் கேளுங்கள். ஒரு தாளை ஐந்தாக மடித்து இரண்டு பங்கைத் தொட்டுப் பார்த்தால் அது பாதிக்கும் குறைவு என்று அவளுக்கே தெரிந்துவிடும். விதியைச் சொல்லிக்கொடுப்பது அதன் பிறகு. இதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடம் இல்லாத நாளில் வீட்டுப்பாடத்தில் தலையிடாமல் இருப்பதே மேல்.

கணக்கென்றாலே பதறும் பெற்றோருக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. எரின் மலோனியும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணக்கு அச்சம் மிகுந்த பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, அவர்களுடைய சிறு பிள்ளைகள் அந்த ஆண்டில் கற்ற கணக்கு குறைந்தது. அவர்களின் கணக்கு அச்சமும் கூடியது. உங்களுக்கும் அந்த அச்சம் இருந்தால், "நானும் கணக்குல மக்குதான்" என்று பிள்ளையின் காதில் விழச் சொல்வதை நிறுத்துவதும், அந்தப் பாடத்துக்கான உதவியை வேறொருவரிடம் விடுவதும் நல்லது.

விதிகளைக் கைவிட வேண்டாம்

கட்டுப்படுத்தும் பேச்சைக் குறையுங்கள் என்று சொன்னால், அப்படியானால் பிள்ளை இரவு பதினொரு மணிவரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கட்டுமா என்ற கேள்வி உடனே எழுகிறது. வேண்டாம். ஒழுங்கும் தன்னாட்சியும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற எண்ணம்தான் பல வீடுகளை ஒரு மாதம் கடுமை, ஒரு மாதம் தளர்வு என்று ஊசலாட வைக்கிறது. ஜாங், ரீவ், டெசி ஆகியோர் 133 உயர்நிலைப்பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை, தன்னாட்சிக்கு இடம்தரும் ஆசிரியர்களே தெளிவான வழிகாட்டலையும் தருபவர்களாக இருக்கும் போக்கைக் காட்டியது. மாணவரின் ஈடுபாட்டுக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

விதி ஒன்றாகவே இருக்கலாம். அதைச் சொல்லும் விதத்தில்தான் வேறுபாடு. 1984இல் ரிச்சர்டு கோஸ்ட்னரும் ரயனும் மற்றும் சிலரும் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஓவியம் தீட்டக் கொடுத்து, வண்ணத்தைச் சிந்தாமல் தீட்டவேண்டும் என்று விதித்தார்கள். ஒரு குழுவிடம் நல்ல பிள்ளையாக இருந்து சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தொனியில் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், வண்ணத்தை வாரியிறைத்துத் தீட்டுவது வேடிக்கையாகத்தான் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அடுத்து வரும் பிள்ளைகளுக்காகத் தாளும் தூரிகையும் சுத்தமாக இருக்கவேண்டும் என்ற காரணத்தைச் சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு ஓவியத்தில் ஆர்வம் குன்றவில்லை. முதல் குழுவுக்குக் குன்றியது. விதியும் அதன் கண்டிப்பும் இரு குழுவுக்கும் ஒன்றுதான்.

ஆகவே எந்த விதியைச் சொன்னாலும் அதில் மூன்று செய்திகள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளைக்கு அது ஏன் கசக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள் என்பது, அந்த விதி ஏன் தேவைப்படுகிறது என்பது, அதற்குள் பிள்ளை தானே தீர்மானிக்கக்கூடியது எது என்பது. "விளையாட்டு நடுவுல எழுந்து வர்றது கஷ்டம்தான். ஆனா பத்து மணிக்கு மேல போன் பார்த்தா காலையில உன்னால எழுந்திருக்க முடியல. ஒன்பதரைக்கு நிறுத்துறியா, இல்ல சாப்பாட்டுக்கு முன்னாடியே விளையாடி முடிச்சுடுறியா?" என்ற பேச்சில் எல்லை உறுதியாக இருக்கிறது. "என் பேச்சுக்கு மதிப்பே இல்லையா?" என்ற பேச்சில் எல்லை எது என்பதே தெரியவில்லை, சண்டை மட்டும் தெரிகிறது. காரணம் என்று நீங்கள் சொல்வது உண்மையான காரணமாகவும் இருக்கவேண்டும். "நான் சொல்றேன், அதனால செய்" என்பதைச் சுற்றிவளைத்துச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

தெரிவுகளைத் தரும்போது அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டியதில்லை. எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, ஒரே நோக்கமுள்ள இரண்டு வீட்டுப்பாடங்களில் எதைச் செய்வது, கட்டுரையை எந்தக் கோணத்தில் எழுதுவது என்பன போன்ற சிறிய, உண்மையான தெரிவுகள் போதும். வீட்டுப்பாடத்தில் இப்படித் தெரிவு கொடுத்துப் பார்த்த எரிகா பட்டாலின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், தெரிவு பெற்ற மாணவர்கள் கூடுதல் ஆர்வத்தைத் தெரிவித்தார்கள், அந்தப் பாடப்பகுதித் தேர்விலும் மேலாகச் செய்தார்கள். அதே சமயம், எல்லாவற்றையும் பிள்ளையே தெரிந்தெடுத்தால்தான் ஊக்கம் வரும் என்பதும் சரியல்ல. ஷீனா அய்யங்காரும் மார்க் லெப்பரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே தெரிந்தெடுத்த வேலையில் சிறந்து விளங்கினார்கள். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளோ தங்கள் தாய் தெரிந்தெடுத்ததாக நம்பிய வேலையில் மேலும் சிறந்து விளங்கினார்கள். யார் என்றே தெரியாத ஒருவர் தெரிந்தெடுத்தபோது இரு தரப்பிலும் ஊக்கம் குறைந்தது. நம்பும் ஒருவரின் தெரிவைப் பிள்ளை தன் தெரிவாகவே ஏற்றுக்கொள்ள முடியும். ஆனால் அந்த நம்பிக்கையைப் பெரியவர் முதலில் சம்பாதித்திருக்கவேண்டும்.

விடைத்தாளில் என்ன எழுதுவது?

திறன் உணர்வைப் பொறுத்தவரை ஆசிரியரின் கை ஓங்கியிருக்கிறது, ஏனென்றால் "நீ எங்கே நிற்கிறாய்" என்பதை வாரந்தோறும் எழுத்தில் சொல்பவர் அவர்தான். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் பேசப்படவேண்டியது. ஒரு பகுதி மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதியினருக்கு அவர்களுடைய வேலையைப் பற்றிய எழுத்துக்குறிப்பு மட்டும், மற்றொரு பகுதியினருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் மேலோங்கின. இரண்டையும் பெற்றவர்கள் ஏறத்தாழ மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். மதிப்பெண்ணைக் கண்டவுடன் குறிப்பு கண்ணில் படவில்லை போலும்.

எல்லா இடத்திலும் மதிப்பெண்ணைக் கைவிட முடியாது. ஆனால் பயிற்சித் தாள்களிலாவது குறிப்பை முதலில் கொடுத்து, மாணவர் திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண்ணைப் பதியலாம். அந்தக் குறிப்பில் மூன்று வரிகள் இருந்தால் போதும்: சரியாக வந்தது எது, எந்த இடத்தில் வழி பிசகியது, அடுத்து எதைச் செய்து பார்க்கவேண்டும். "கவனம் தேவை", "இன்னும் முயற்சி செய்" போன்ற தொடர்களால் மாணவருக்கு ஒரு பயனும் இல்லை. எதில் கவனம், எதை முயல்வது என்பதை அவை சொல்வதில்லை. மேலே கண்ட பின்னக் கணக்குக்கு, "இரண்டு பின்னங்களையும் சரியாக எடுத்து எழுதியிருக்கிறாய். கூட்டும் முன் கீழெண்கள் ஒன்றாக இருக்கவேண்டும். மூன்றாம் கணக்கை மட்டும் அந்த முறையில் மறுபடி செய்து காட்டு" என்று எழுதினால் அதைக் கொண்டு அந்தப் பெண் ஏதாவது செய்ய முடியும்.

கடுமையாகத் திருத்தினால் பிள்ளை மனம் ஒடிந்துவிடும் என்று அஞ்சி எல்லாவற்றையும் நன்று என்று எழுதும் ஆசிரியர்களும் உண்டு. அதுவும் உதவாது. டேவிட் யீகரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நிறையத் திருத்தங்கள் கொண்ட கட்டுரைகளோடு ஒரு சிறு சீட்டு இணைக்கப்பட்டது: உங்களிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உங்களால் அதை எட்ட முடியும் என்று அறிவேன், அதனால்தான் இவ்வளவு திருத்துகிறேன் என்பதே அதன் சாரம். அந்தச் சீட்டைப் பெற்ற மாணவர்களில் கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தவர்கள் கூடினார்கள். பள்ளியின்மீது நம்பிக்கை குறைந்திருந்த கறுப்பின மாணவர்களிடம் இந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. திருத்தத்தைக் குறைக்காமல், திருத்துவதன் காரணத்தைச் சொன்னதுதான் அங்கே வேலை செய்தது.

பாராட்டும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், சுலபமான புதிர்களை முடித்த பிள்ளைகளில் சிலரை அறிவாளி என்றும் சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டிவிட்டு, பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். அறிவாளி என்று பெயரெடுத்த பிள்ளைகள் தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சலித்தார்கள், அடுத்த சுற்றில் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். ஆனால் உழைப்பைப் பாராட்டுவதையே மந்திரமாக்கிக்கொள்ள வேண்டாம். தவறான முறையில் மணிக்கணக்காக உழைத்த பிள்ளையிடம் "நல்லா உழைச்ச" என்று மட்டும் சொன்னால், உழைத்தும் வரவில்லையே என்ற எண்ணம்தான் மிஞ்சும். எந்த வழியைக் கையாண்டது பலித்தது என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

பரிசுகள்

1973இல் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசைமேல் வைத்துவிட்டுக் கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அந்தச் சரிவு இல்லை. டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஆர்வமுள்ள வேலைக்கு முன்கூட்டி அறிவித்துத் தரும் பொருட்பரிசு உள்ளூக்கத்தை, அதாவது அந்த வேலையின்மீதே இருக்கும் ஆர்வத்தை, குறைப்பதும், திறனைத் தெரிவிக்கும் பாராட்டு அதைக் கூட்டுவதும் தெரிந்தன. ஆகவே பிள்ளை விரும்பிச் செய்வதற்கு விலை வைக்காதீர்கள். ஆர்வமே இல்லாத, ஒருமுறை முடித்துத் தலைமுழுகவேண்டிய வேலைக்குச் சிறு பரிசு தருவதால் பெரிய கேடு வந்துவிடாது. "முதல் ரேங்க் வாங்கினா சைக்கிள்" என்ற வாக்குறுதியில் மட்டும் கூடுதல் சிக்கல் இருக்கிறது: முதல் ரேங்க் மற்ற பிள்ளைகளையும் பொறுத்தது, பிள்ளையின் கட்டுப்பாட்டில் உள்ள ஒன்றல்ல.

மதிப்பெண் வந்த நாள்

பிணைப்பு உணர்வு சோதனைக்கு உள்ளாகும் நாள் இது. கடுஞ்சொல் சொல்லாத, கை ஓங்காத பெற்றோரும் இந்த நாளில் ஒரு தவறைச் செய்துவிடுகிறார்கள்: முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டில் அமைதி, மறுநாள் ஓரிரண்டு சொல், அடுத்த தேர்வில் மதிப்பெண் கூடியவுடன் மீண்டும் கொஞ்சல். அவி அசோர், கை ராத், டெசி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய நிபந்தனை அன்பைப் பற்றியது. அது எதிர்பார்த்த நடத்தையைப் பெற்றுத்தரவே செய்கிறது. ஆனால் அந்த நடத்தை உள்ளிருந்து நெருக்கும் கட்டாயத்தால் வருவதாகவும், பெற்றோர்மீது மனக்கசப்போடு சேர்ந்து வருவதாகவும் கண்டார்கள். முதலில் நாம் பார்த்த நால்வரில் இரண்டாமவர் உருவாகும் வழிகளில் இதுவும் ஒன்று.

மதிப்பெண் குறைந்த தாளோடு பிள்ளை வந்தால் அன்றைய வழக்கம் எதையும் மாற்றாதீர்கள். வழக்கமான பேச்சு, வழக்கமான சாப்பாடு, வழக்கமான விளையாட்டு நடக்கட்டும். விடைத்தாளைப் பற்றிய பேச்சை மறுநாளுக்கு வைத்துக்கொண்டு, அப்போது தாளை நடுவில் வைத்து, தெரிந்தும் தவறியது எது, தெரியாமலே விட்டது எது என்று பிள்ளையையே பிரிக்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே பல பிள்ளைகள் முன்கூட்டி ஒரு பதிலைத் தயாரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு நாற்பது மாணவர்களோடு தனித்தனிப் பிணைப்பு எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி நியாயமானது. பெரிய முயற்சி தேவையில்லை. நன்றாகப் படிப்பவர்களும் குறும்பு செய்பவர்களும் ஆசிரியரின் கவனத்தைத் தாமாகவே பெற்றுவிடுகிறார்கள். நடுவில் அமைதியாக இருப்பவர்கள்தான் நாள்கணக்கில் ஒரு சொல்லும் பெறாமல் போகிறவர்கள். வகுப்புப் பட்டியலை எடுத்து, இந்த வாரம் யாரிடம் பாடமல்லாத ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று குறியுங்கள். அடுத்த வாரம் அவர்களில் ஐந்து பேரிடம் பேசுங்கள். விடை தவறாகச் சொன்ன மாணவரைப் பார்த்து வகுப்பு சிரித்தால், பாடத்தை நிறுத்தி அதைக் கண்டியுங்கள். அன்று முடிக்காத பக்கத்தை மறுநாள் முடித்துக்கொள்ளலாம்.

பெரியவர்மீது விழும் அழுத்தம்

இவ்வளவும் தெரிந்த பெற்றோரும் ஆசிரியரும் ஏன் மீண்டும் கட்டளைக்கே திரும்புகிறார்கள்? டெசியும் அவருடைய குழுவினரும் 1982இல் வெளியிட்ட பரிசோதனையில், கற்பிக்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்ட சிலரிடம், மாணவர் உயர்ந்த தரத்தை எட்டச்செய்வது உங்கள் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பேசினார்கள், அதிகம் கட்டளையிட்டார்கள், அதிகம் குறை சொன்னார்கள். வெண்டி குரோல்னிக் 2002இல் தாய்மாரிடம் செய்த ஆய்விலும், பிள்ளையின் செயல்திறனுக்கு நீங்களே பொறுப்பு என்ற அழுத்தம் கட்டுப்படுத்தும் போக்கைக் கூட்டியது. தேர்ச்சி விழுக்காட்டுக்காக நிர்வாகம் ஆசிரியரை நெருக்கினால், ஆசிரியர் பெற்றோரை நெருக்குகிறார். சந்திப்பு முடிந்து வீடு திரும்பும் பெற்றோர் அன்றிரவே பிள்ளையை நெருக்குகிறார்கள்.

இந்தச் சங்கிலியை அறுக்க எளிதான இடம் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. பிள்ளையையும் உடன் உட்காரவைத்து, முதலில் அவர் பேசட்டும்: எந்தப் பாடம் பிடிக்கிறது, எங்கே மாட்டிக்கொள்கிறார், என்ன உதவி வேண்டும் என்று. ஆசிரியர் புகார்ப் பட்டியலை வாசிக்காமல், கண்ட ஒரே ஒரு நிகழ்வை உள்ளபடி விவரிக்கலாம். "கவனமே இல்லை" என்பதைவிட, "கடைசி மூன்று வாரமாக வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் மறுக்கிறான்" என்பது பெற்றோருக்குப் பயன்படும் தகவல். பெற்றோரும் "நல்லா கண்டிச்சு வைங்க" என்று ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு எழுந்துவிடாமல், வீட்டில் எது பலிக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். மூவரும் சேர்ந்து ஒரே ஒரு மாற்றத்தைத் தீர்மானித்து, ஒரு மாதம் கழித்து அதை மட்டும் பேசுவது போதும்.

நெருக்கடியைக் குறைத்த முதல் சில வாரங்களில் படிப்பு சற்றுத் தளரக்கூடும். இதுவரை வெளிக் கட்டாயத்தால் மட்டுமே படித்துவந்த பிள்ளை, அது உண்மையிலேயே விலகிவிட்டதா என்று சோதித்துப் பார்க்கும். அந்த நேரத்தில் பதறிப் பழைய வழிக்குத் திரும்பினால், பேச்சு மாறியது வெறும் தந்திரம் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். ஒப்புக்கொண்ட எல்லைகளை மட்டும் உறுதியாகக் காத்து, மற்றவற்றைப் பொறுத்திருங்கள்.

ஊக்கக் குறைவு போலத் தோன்றும் வேறு சிக்கல்களும் உண்டு. அவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் மருந்தாகாது. கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும். எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் தொடர்ந்து திணறும் பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். அதற்குரிய மதிப்பீடும் சிறப்புப் பயிற்சியும் தேவைப்படும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்பருவத்தில் 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும். அது கிடைக்காத பிள்ளை வகுப்பில் கண்ணயர்வதில் வியப்பில்லை. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி வருகிறதென்றால், அங்கே யாரேனும் துன்புறுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். படிப்பில் மட்டுமின்றி விளையாட்டு, நண்பர்கள், உணவு என எல்லாவற்றிலும் நாட்டம் இழந்து, அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ, பாடத்தைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ அணுகுங்கள்; பள்ளிக்கும் தெரிவித்து, மருத்துவரோ ஆலோசகரோ கூறும்வரை தேர்வு, வீட்டுப்பாடம் ஆகியவற்றில் சலுகை கேட்டுப் பெறுங்கள்.